மாவக்கா அறையில் எங்கள் சுவிட்ச்

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் எங்களிடம் இல்லை. அது மாவக்காவின் அறையில் இருந்தது.

முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. வீட்டின் முகப்பில், தெருவைப் பார்த்துத் தனி வாசலோடு ஓர் அறை உண்டு. தாத்தா அதில் சைக்கிள் கடை வைத்திருந்தாராம். அப்போது மீட்டரை அங்கே மாட்டினார்கள். பல வருடம் கழித்து போர்வெல் போட்டபோது, வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒயரை இழுத்துக்கொண்டு அலையச் சோம்பல்பட்டு, மீட்டருக்குப் பக்கத்திலேயே மோட்டார் பெட்டியையும் அறைந்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரின் சோம்பல் கோர்ட்டுப் படி ஏறும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

பெட்டியில் பச்சையில் ஒரு பொத்தான், சிவப்பில் ஒரு பொத்தான். எனக்கு ஒன்பது வயது ஆனபோது அந்த இரண்டு பொத்தான்களின் பொறுப்பும் என்னிடம் வந்தது. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, மாலையில் வந்ததும் ஒரு தடவை. எங்கள் வாசலில் இறங்கிப் பத்தடி நடந்தால் மாவக்காவின் வாசல். கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் இல்லை. நேரே உள்ளே போவேன், பச்சையை அமுக்குவேன், தொட்டி நிறைந்து சந்தில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் சிவப்பை அமுக்கிவிட்டு வருவேன். இடையில் இருபது நிமிஷம் போகும். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நான் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாவக்கா என்பது நான் வைத்த பெயர். இரண்டு கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து விற்றுவந்தாள். அறையின் பின்பாதியில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் அவள் கட்டில், அடுப்பு, சாமி படம். நான் பச்சையை அமுக்கிவிட்டுக் கவிழ்த்து வைத்த அலுமினிய அண்டாவின் மேல் உட்கார்ந்தால், சிவப்பை அமுக்குவதற்குள் முறுகலாக ஒரு தோசை வந்துவிடும். எங்கள் வீட்டிலும் அதே மாவுதான், இருந்தாலும் அம்மா ஊற்றினால் அது ஏனோ இட்லிக்கு அண்ணன் மாதிரி தடித்துப் போகும்.

அவள் புருஷன் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியதும் கொஞ்ச நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் என் பெரியப்பாவுடன் ஒரே பெஞ்சில் படித்தவர். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் பென்ஷனோடு குடியிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நாங்கள் யாரும் வாயில் வைக்காத சீஸோடு வருவார். அப்படி வந்த ஒரு சமயத்தில் நண்பனின் மனைவி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நிற்பதைக் கேள்விப்பட்டு, முன்னறைச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். “இருக்கற வரைக்கும் இரும்மா. யாரு கேக்கப் போறா?” என்றாராம்.

எழுத்து இல்லை, முன்பணம் இல்லை, வாடகை இல்லை. அவளாகவே தினமும் காலையில் ஒரு தூக்கு நிறைய மாவு எங்கள் வாசற்படியில் வைத்துவிடுவாள். கிட்டத்தட்ட நான்கு வருடம் அப்படித்தான் ஓடியது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விநோதமானவள். மோட்டார் பெட்டி அவள் கிரைண்டருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொட்டித் தண்ணீர்தான் அவளுக்கும். ஆனால் தண்ணீர் நின்றுபோனால், அரிசி பாதி கழுவினபடி கிடந்தாலும், அவள் அந்தப் பொத்தானைத் தொட மாட்டாள். தெருவில் இறங்கி எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிடுவாள். “பாப்பா, மேல தண்ணி நின்னுடுச்சு. ஓடியா.”

டிவியில் நல்ல கட்டம் ஓடிக்கொண்டிருக்கும். “நீங்களே போட்டுடுங்களேன் மாவக்கா” என்று ஜன்னலிலிருந்தே கத்துவேன்.

“அது உங்க வூட்டு சுவிட்சு பாப்பா. நான் தொட்டா நல்லாருக்காது.”

அவளுக்கு ஷாக் என்றால் பயம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். என் வகுப்பில் ஒருத்தி பல்ப் மாட்டப் போய் ஷாக் அடித்துத் தள்ளிவிட்டதிலிருந்து ஃபேன் சுவிட்சைக்கூட ஸ்கேலால் தட்டுவாள். அந்த ரகம் என்று நினைத்தேன். நாள் முழுக்க ஈரக்கையோடு கிரைண்டர் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு இந்த ஒரு பெட்டியிடம் மட்டும் என்ன பயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்கள் வெளியே சொல்ல வெட்கப்படுகிற விஷயம் என்று எண்ணி, நானும் யாரிடமும் சொல்லாமல் அவள் மானத்தைக் காப்பாற்றி வந்தேன்.

இந்த நிலவரத்தில்தான் அத்தை வந்து சேர்ந்தாள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. ரெட்டியார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சூட்கேஸோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, திரும்பிப் போகமாட்டாள் என்பது மட்டும் அவள் சூட்கேஸை இறக்கிய விதத்திலேயே தெரிந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவளுக்குக் கிடைத்தது கூடத்தில் டிவிக்கு முன்னால் ஒரு பாய், என் அலமாரியில் கீழ்த்தட்டு. பாத்ரூம் போகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போனார்கள். அப்பாவின் நண்பர்கள் கிரிக்கெட் பார்க்க வந்தால், அவர்கள் கிளம்பும்வரை சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

வீடு தாத்தா பெயரிலிருந்து மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து வந்தது. பெரியப்பா, அப்பா, அத்தை. யாருக்கு எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை கையைத் தட்டில் வைத்தபடியே சொன்னாள்.

“சின்னண்ணா, எனக்குப் பங்கு பிரிச்சுத் தர வேணாம். ஒரு கதவு வேணும். உள்ளார தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு கதவு.”

அப்பா தலையாட்டினார். அப்பாவின் அபிப்பிராயம் எப்போதும் கடைசியாகப் பேசியவருடைய அபிப்பிராயம்தான். உள்தாழ்ப்பாள் போட்ட கதவு வீட்டில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதற்குப் பின்னால் மாவக்கா குடியிருந்தாள்.

அத்தை பெரியப்பாவுக்குப் போன் போட்டாள். “சவா, சவா” என்றார் பெரியப்பா. எல்லாம் சரி, நல்லது, ஆகட்டும் என்று அதற்குப் பொருள். அடுத்த வாரம் மாவக்காவும் தெருமுனை பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டாள். அவளிடமும் “சவா, சவா” என்றார். இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இருவருக்கும் எழுதியும் அனுப்பினார். அறையை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று அத்தைக்கு ஒரு கடிதம், நீ பாட்டுக்கு இரு என்று மாவக்காவுக்கு ஒரு கடிதம். ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு இரண்டு பெண்களிடமும் நல்ல பெயர் எடுத்துவிட்டார் பெரியப்பா.

அத்தை ஒருநாள் காலையில் மாவக்காவின் வாசலில் போய் நின்றாள். நான் உள்ளே அண்டா மேல் இருந்தேன்.

“மூணு மாசம் டைம் தரேன். வேற எடம் பாத்துக்கோங்க.”

மாவக்கா கையில் மாவு வழிய நிமிர்ந்தாள். “பெரியவரு குடுத்த எடம்மா இது. அவரு வந்து எழுந்திருன்னு சொல்லட்டும், அந்த நிமிசமே எழுந்துக்கறேன். வேற யாரு சொன்னாலும் போமாட்டேன்.”

“அவரு பங்கு மூணுல ஒண்ணு. எனக்கும் அதே ஒண்ணு இருக்கு.”

“இருக்கட்டும்மா. எனக்கு இருக்கறது அவரு சொன்ன சொல்லு.”

இருவரும் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எங்கள் தெருவில் சண்டை என்றால் கத்துவார்கள், மறுநாள் பேசிக்கொள்வார்கள்.

மாவக்கா முந்திக்கொண்டாள். தன்னைப் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது என்று கோர்ட்டில் மனு போட்டுவிட்டாள். அத்தையும் விடவில்லை, அறையைக் காலி செய்து தரவேண்டும் என்று தன் பங்குக்கு ஒரு வழக்குப் போட்டாள். வழக்கின் உயிர்நாடி என்னவென்று எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது. ஓர் இடத்தை வாடகைக்கு விட்டால் அது குடியிருப்பவரின் கைக்குப் போய்விடுகிறது, அவரை எழுப்புவது பெரும்பாடு. சும்மா இருந்துகொள் என்று அனுமதி மட்டும் கொடுத்தால் இடம் சொந்தக்காரர் கையிலேயே இருக்கிறது, அனுமதியைத் திரும்பப் பெற்றால் எழுந்துகொள்ள வேண்டியதுதான். எது என்று கண்டுபிடிக்க, சொந்தக்காரர்கள் நினைத்தபோது அந்த அறைக்குள் போய்வந்தார்களா என்றும் பார்ப்பார்களாம்.

மாவக்காவின் வக்கீல் கெட்டிக்காரர். தினமும் வாசலில் வைத்த தூக்கு மாவுதான் வாடகை என்று மனுவில் எழுதிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்றே அத்தை வீட்டில் தடை உத்தரவு போட்டாள். அந்த மாவு இனி வாசற்படி தாண்டக்கூடாது. நாங்கள் தின்னும் ஒவ்வொரு இட்லியும் அவளுக்கு ரசீதாம். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் காலையில் உப்புமா, இரவில் உப்புமா. ஒரு மாதம் கழித்து அப்பா தட்டைப் பார்த்து, “கேசு எப்பம்மா முடியும்?” என்று கேட்டார். அந்த வழக்கில் அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வக்கீல் மாவக்காவிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அந்த வீட்டு ஆட்கள் ஒருவரையும் அறைக்குள் விடாதே. அதன்படி, வேண்டுமென்றே மோட்டார் போட வந்த அத்தையை அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“நீங்க உள்ள வராதீங்கம்மா. புள்ளைய அனுப்புங்க. புள்ளைய மட்டும் வுடறேன்.”

அத்தை ஒரு கணம் நின்று யோசித்தாள். பிறகு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து என் பொத்தான் வேலைக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. காலை ஆறரை, மாலை ஐந்தரை என்று நேரம் குறித்து என்னை அனுப்பினாள். லீவு நாளிலும் அனுப்பினாள். காய்ச்சலில் படுத்திருந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக் கைபிடித்துக் கூட்டிப்போய் அந்த வாசலில் விட்டாள்.

“அந்தப் புள்ளைய இதுல ஏம்மா இழுக்கற?” என்றாள் அம்மா.

“மோட்டார் போடறது ஒரு தப்பா அண்ணி?” என்றாள் அத்தை.

எனக்கோ அது பதவி உயர்வாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு அந்த அறையில் எனக்கு மட்டும் தோசை. வீட்டில் தடை செய்யப்பட்ட தோசையைத் தினம் இரண்டு வேளை தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உப்புமாவைப் பிசைந்துகொண்டிருந்தேன். கோர்ட், வக்கீல் என்று பேச்சு வரும்போதெல்லாம் அந்தத் தோசை எப்போது வெளியே வருமோ என்று வாயை இன்னொரு தடவை துடைத்துக்கொள்வேன். ஒவ்வொரு இட்லியும் ரசீது என்றால் நான் தின்றது எத்தனை ரசீது!

வாய்தா நாளில் இருவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரே டெம்போவில் கோர்ட்டுக்குப் போவார்கள். எங்கள் தெருமுனையில் நிற்கும் டெம்போ ஒன்றுதான், வேறு வழியில்லை. முழங்கால் முட்டும்படி எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி இடதுபக்கமும் ஒருத்தி வலதுபக்கமும் தெருவை வேடிக்கை பார்த்தபடி போவார்களாம். அத்தை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதே நீலப் புடவை. மாவக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெரியப்பாவின் கடிதத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போவாள். யாரும் அதைக் கேட்டபாடில்லை, அவளும் எடுத்துப் போகாமல் விட்டபாடில்லை.

இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட்டிலிருந்து கமிஷனர் வரப்போகிறார் என்றார்கள். தொப்பி வைத்த போலீஸ் என்று நினைத்தேன். வந்தவர் ஃபைலும் அளவு டேப்பும் வைத்திருந்த ஓர் இளம் வக்கீல்.

அன்று காலையில் அத்தை என்னிடம், “இப்ப மோட்டார் போட வேணாம், சாயங்காலம் போட்டுக்கலாம்” என்றாள். மாலைக்குள் தொட்டி காலி. சமையலறையிலிருந்து அம்மா புலம்பும் சத்தம் கேட்டது. மாவக்காவின் அறைக்குள் கமிஷனர், இருதரப்பு வக்கீல்கள், மாவக்கா. வாசலில் அத்தை, அவளுக்குப் பின்னால் பாதி உடம்பு தெரியும்படி அப்பா. கமிஷனர் சுவருக்குச் சுவர் அளந்தார். கிரைண்டர், கட்டில், திரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மணி ஐந்தரை. அத்தை எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“தொட்டியில தண்ணி இல்லயாம். போய் மோட்டார் போட்டுட்டு வா.”

நான் பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனேன். மாவக்காவின் வக்கீல் என் தோளைப் பிடித்தார். “யாரும்மா நீ? உள்ள வரக்கூடாது.”

“வுடுங்க சார், கொழந்த” என்றாள் மாவக்கா.

நான் பச்சையை அமுக்கினேன். மோட்டார் உறுமியது. வழக்கம்போல அண்டா மேல் உட்காரப் போனேன், அத்தனை பேரும் என்னையே பார்ப்பது தெரிந்ததும் நின்றுவிட்டேன். கமிஷனர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குனிந்தார்.

“தினமும் நீதான் போடுவியா?”

“ஆமா சார். காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. லீவுலகூட சார்.” தோசைப் பேச்சு வருமுன் அவரை மோட்டாரிலேயே நிறுத்திவைத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. கேட்காததையும் சொன்னேன். “கதவத் தட்டவே மாட்டேன் சார். நேரா வந்து போட்டுடுவேன்.”

“ஏன், அவங்க போட மாட்டாங்களா?”

நான் மாவக்காவைப் பார்த்தேன். இத்தனை நாள் காப்பாற்றிய ரகசியம். ஆனால் கேட்பவர் கோர்ட்டு ஆள், பொய் சொன்னால் ஜெயில். தவிரவும், பயந்த சுபாவம் என்று தெரிந்தால் அவளிடம் இரக்கமாக நடந்துகொள்வார் என்றும் தோன்றியது.

“அவங்களுக்கு ஷாக்குன்னா பயம் சார். அதான் நான் வந்து போட்டுக் குடுக்கறேன்.”

யாரோ சிரித்தார்கள். மாவக்காவின் வக்கீலுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். “நோட் பண்ணிக்கோங்க சார். இவங்களுக்குப் பயம். அதனால பக்கத்து வூட்டுக் கொழந்தய ஒத்தாசைக்குக் கூப்புடறாங்க. மத்தபடி ரூம் முழுக்க இவங்க கைலதான் இருக்கு.”

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது, என்ன தவறு என்று புரியவில்லை. கமிஷனர் மாவக்காவைப் பார்த்தார். “அப்படியாம்மா?”

வக்கீல் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாவக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்ல சார். எனக்கு பயமெல்லாம் ஒண்ணும் கெடையாது. அது அவங்க வூட்டு சுவிட்சு. அவங்கதான் வந்து போடுவாங்க. நாலு வருசத்துல நான் ஒருநாளும் தொட்டதில்ல.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கமிஷனர் எழுதினார். ஜெயித்துவிட்ட அத்தை ஏனோ தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கமிஷனர் மிச்சத்தையும் எழுதி முடிப்பதற்குள் தொட்டி நிறைந்து சந்தில் தண்ணீர் கொட்டத் தொடங்கியும் நான் சிவப்பை அமுக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அவள் மானத்தைக் காப்பாற்ற நான் எவ்வளவு பாடுபட்டேன். அவளோ நாலு பேர் நடுவில் கௌரவத்துக்காக என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் என்று அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

மறுநாள் பச்சையை அமுக்கிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். மாவக்கா தோசையைத் தட்டில் போட்டு நீட்டினாள்.

“கோவமா பாப்பா?”

 தோசை தட்டிலேயே ஆறியது. சிவப்பை அமுக்கிவிட்டு ஓடிவந்தேன். வீட்டில் உப்புமாவை ஒரு பிடி கூடவே தின்றேன். நான்கு நாள் அப்படி வீம்பாக இருந்தேன். ஐந்தாம் நாள் நானே போய் அண்டா மேல் உட்கார்ந்தேன், அவளும் கல்லைக் காயவைத்தாள்.

இப்போது அந்த வீட்டை மூன்றாகப் பிரிக்கும் பேச்சு நடக்கிறது. பழைய காகிதக் கட்டை எடுத்துப் பார்த்தபோது கமிஷனர் அறிக்கையின் நகல் கிடைத்தது. உரிமையாளர் வீட்டுச் சிறுமி தட்டாமல் உள்ளே வந்து மோட்டாரை இயக்கினாள் என்றும், அதைத் தான் ஒருநாளும் தொட்டதில்லை என்று குடியிருப்பவரே கூறினார் என்றும் இரண்டு வரி இருந்தது. அளந்து எழுதத்தான் அவரை அனுப்பினார்களாம், என்னிடம் அவர் கேள்வி கேட்டதே தவறாம். இப்போது பங்கு பிரிக்க நாங்கள் வைத்திருக்கும் வக்கீல் நகலைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார். அதற்கென்ன, பதில் வந்துவிட்டதே. அந்த இரண்டு வரிக்குப் பிறகு மாவக்காவின் வக்கீல் சமாதானமாகப் போவதே நல்லது என்று சொல்லிவிட்டார். காலி செய்ய ஆறு மாத அவகாசம் என்று கோர்ட்டில் எழுதிக்கொண்டார்கள். அறிக்கையை நான் இரண்டு தடவை படித்தேன். மாவக்காவை எழுப்பிவிட்டது வக்கீலும் இல்லை, அத்தையும் இல்லை. நான்கு வருடமாக அவள் எங்களுக்குக் கொடுத்த மரியாதை. அதை எண்ணினால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு மாதமும் அவள் இருக்கவில்லை. இரண்டாம் மாதமே கிளம்பினாள். தேங்காய்த்திட்டில் தங்கை வீடு இருந்தது, தங்கை புருஷன் படகுக்குப் போகிறவர். அவரே இரண்டு ஆட்களோடு வந்து கிரைண்டர்களைச் சின்ன யானை என்கிற குட்டி லாரியில் ஏற்றினார். மாவக்கா அறையைக் கழுவிவிட்டு, வாசலில் ஒரு கோலமும் போட்டுவிட்டு, சாவியோடு நிமிர்ந்தாள். அத்தை கையை நீட்டினாள்.

மாவக்கா அந்தக் கையைப் பார்த்தாள். “எனக்குக் குடுத்தது நீங்க இல்லம்மா” என்றாள். பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். “பெரியப்பா வந்தா குடுத்துடு பாப்பா. நானாத்தான் எழுந்து போனேன்னு சொல்லு.”

வண்டி தெருமுனை திரும்பும்வரை அத்தை பொறுத்திருந்தாள். பிறகு என் விரல்களைப் பிரித்து சாவியை எடுத்துக்கொண்டாள். 

அன்றைக்கே அத்தை தன் பாயையும் இரண்டு சூட்கேஸையும் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். இரவு நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திறந்தாள், மறுபடி போட்டாள். மூன்று தடவை அப்படிப் போட்டுப் பார்த்தாள். அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, “பாவம்” என்றாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் வழக்கம்போல மோட்டார் போடப் போனேன். கதவு திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதவைத் தட்டினேன். அத்தை வந்து திறந்து, நான் பச்சையை அமுக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். “வெளிய போய் நில்லு, ரொம்பினதும் வா” என்றாள். அடுத்த சில நாள் அப்படியே நடந்தது. அந்த வாரக் கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்துவிட்டார். ஒயரை வெளிச்சுவர் வழியாக இழுத்து, மோட்டார் பெட்டியைக் கழற்றிக் கொல்லைப்புறம் கிணற்றடிச் சுவரில் மாட்டச் சொன்னாள் அத்தை.

அப்பா போய்ப் பார்த்தார். “அது பாட்டுக்கு அங்க இருந்துட்டுப் போவுதும்மா. எதுக்கு வீண் செலவு? காலையில புள்ள வந்து போட்டுட்டுப் போறா.”

“வேணாம் சின்னண்ணா. என் ரூமுக்குள்ள யாரும் வரக் கூடாது.”

“யாரும்னா? நம்ம புள்ளதான?”

“யாரும் வேணாம்.”

அப்பா தலையாட்டினார். எலக்ட்ரீஷியன் சுவரில் துளை போட ஆரம்பித்தார். என் பதவி பறிபோவது எனக்குப் புரிந்தது, காரணம்தான் புரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். பெட்டியை அறையை விட்டே துரத்துகிறாள் என்றால் ஒன்றுதான் இருக்க முடியும். பாவமாக இருந்தது. அத்தையின் பக்கத்தில் போய், எலக்ட்ரீஷியன் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னேன்.

“அத்த, பயமா இருந்தா சொல்லுங்க. நீங்க தொடவே வேணாம். நானே தெனம் வந்து போட்டுத் தரேன்.”

அத்தை என் பக்கம் திரும்பினாள். என் தலையில் விழுந்திருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டாள்.

“ஆமாண்டி” என்றாள். “பயந்தான்.”

எங்கள் வீட்டில் ஷாக்குக்குப் பயப்படும் பெரியவர்கள் இரண்டு பேர் என்று எண்ணிக்கொண்டேன். இந்த ரகசியத்தையாவது கடைசிவரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே உறுதி எடுத்துக்கொண்டேன்.